பத்து மணி மேசையில் நான் சொல்ல மறுத்த வசனம்

திங்கட்கிழமை எங்கள் பியர் ஆலையில் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு,

முதல் நாளே றப்பர் சப்பாத்து தருவார்கள், காதடைப்பான் தருவார்கள். கழுவுமருந்து கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று படம் போட்ட மட்டை சுவரில் தொங்குகிறது. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் நான் கோப்பன்ஹேகனுக்குப் படிக்கப் போகிறேன். போகமுதல் அந்த மட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக ஆறாத கோபம் இந்தக் கடுதாசியிலா ஆறப்போகிறது?

முதலில் மேசையைப் பற்றி. காலை பத்து மணிக்கு இயந்திரங்கள் எல்லாம் நிற்கும். பியர் காய்ச்சுகிறவர், போத்தல் கழுவுகிறவர், லொறி ஓட்டுகிறவர் எல்லோரும் சாப்பாட்டறை மேசைக்கு வந்துவிடவேண்டும். ஏதாவதொரு தாங்கியிலிருந்து ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வரும். விழுங்கவேண்டும் என்று கட்டாயமில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவிலுள்ள தகரப் பேணியில் துப்பலாம். ஆனால் ஒவ்வொருவரும் வாய்திறந்து ஏதாவது சொல்லியாகவேண்டும். இந்த வீட்டின் சட்டம் அது. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், முதலாளியம்மாவும் வெறும் இங்கர்தான்.

என் முதல் நாள் இங்கர் என் முன்னால் கிளாஸை வைத்தார். குடித்தேன். "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றேன். ஒருவர் கையால் தந்ததைக் குடித்துவிட்டு நாங்கள் வேறு என்ன சொல்வோம்?

"எது நன்றாக இருக்கிறது?" என்று இங்கர் கேட்டார்.

"எல்லாமே."

"இது நேற்று முழுக்கத் திறந்து கிடந்த பியர். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைத்தான் கொடுப்பேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. போர்மன் பென்ட் என் முதுகில் தட்டினார். "கவலைப்படாதே. போன வருடம் எங்கள் பாதிரியார் வந்தபோது அவர் இரண்டாவது கிளாசும் கேட்டார்."

எனக்கு முகம் சுட்டது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குள் கால்வைத்துவிட்டு ஓடிவந்தவன் நான். என்னை வைத்து விளையாடுகிறார்களா என்று பொருமினேன். இங்கர் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "உன் மரியாதையை வாசலில் சப்பாத்தோடு கழற்றி வைத்துவிட்டு வா. உன் மரியாதையால் என் பியர் கெட்டுப்போகும்."

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் விழுங்க முடியவில்லை.

இந்த ஆலையின் கதையை இங்கர் உங்களுக்குச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன். ஹேர்னிங் நகருக்கு வெளியே நிலக்கரி தோண்டியவர்களுக்குப் போதை குறைந்த இனிப்பான கறுப்புப் பியரை வண்டியில் கொண்டுபோய் விற்று, அவருடைய பாட்டனார் தொடங்கியது இது. சுற்றுவட்டாரத்தில் இப்படி எத்தனையோ சின்ன ஆலைகள் இருந்தனவாம். பெரிய கம்பெனிக்காரர் வந்தார்கள். சாராயக் கடைகளுக்குக் குளிர்ப்பெட்டி கொடுத்தார்கள், பெயர்ப்பலகை கொடுத்தார்கள், கதிரைகூடக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கடைகளில் வேறு எவருடைய போத்தலையும் வைக்கமுடியாது. சின்ன ஆலைகள் மூச்சுத் திணறியதும் அவற்றை வாங்கினார்கள், வாங்கிய கையோடு பூட்டினார்கள். பியர் காய்ச்சவா வாங்கினார்கள்? காய்ச்சாமல் இருப்பதற்கு வாங்கினார்கள். அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை நல்ல மேற்சட்டை போட்டுக்கொண்டு இங்கரிடமும் வருவார். இங்கர் கோப்பி ஊற்றிக் கொடுத்து, "அடுத்த வருடமும் வா, கோப்பி இருக்கும்" என்று அனுப்பிவிடுவார்.

நான் சொல்லவந்த வருடத்தில் கோப்பி கொடுத்து அனுப்புகிற தைரியம் அவருக்கும் குறைந்திருந்தது. கிறிஸ்மஸ் காலத்தில் மட்டும் விற்கிற நத்தார் பியர் ஒன்றை நம்பித்தான் ஆலை நின்றது.

அப்போது எங்களோடு சிவராசா அண்ணை இருந்தார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், நாற்பது வயது தாண்டியவர். இங்கே நிலவறையில் தாங்கி கழுவுகிற வேலை. இங்கரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவேயில்லை, கடைசிவரை 'மேடம்'தான்; அவர்களுக்கோ இவர் வெறும் சிவா. டெனிஷ் ஓரளவு விளங்கும், பேசமாட்டார். அவருக்காகப் பேசுவது நான்.

அவருடைய மனைவியும் மகளும் ஊரைவிட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். டென்மார்க் கூப்பிடும் என்று காத்திருந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்லியிருந்தது. அண்ணை விண்ணப்பம் போட்டார். பதில் இல்லை. திரும்பக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். லொட்ஜில் பொலிஸ் சோதனை வந்த கிழமையும் பரிசீலனைதான், மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமையும் பரிசீலனைதான். "வேலையை விட்டுடாதையுங்கோ, உங்கடை பேரிலை ஒரு கறுப்புப் புள்ளியும் விழக்கூடாது" என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதை அவர் மந்திரம்போலப் பிடித்துக்கொண்டார். மழையோ பனியோ, வேலைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

நத்தார் பியர் காய்ச்சுகிற காலமும் கந்தசஷ்டியும் ஒன்றாகத்தான் வரும், நீங்களும் பார்ப்பீர்கள். அந்த வருடம் விரதம் தொடங்க முதல்நாள் அண்ணை என்னிடம் வந்தார்.

"தம்பி, ஆறு நாளைக்கு என்னைப் போத்தல் பக்கம் விடச்சொல்லிக் கேள். விரதத்தோடை அந்த மணத்துக்கை நிக்க மனம் ஒப்பேல்லை."

"அண்ணை, முருகன் பியர் மணத்துக்கெல்லாம் கோவிக்கமாட்டார்."

"அவர் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன். கேளடா."

மேசையில் வைத்து எல்லோர் முன்னாலும் பென்டிடம் கேட்டேன். அந்தக் கிழமை இங்கர் எஸ்பியர்க் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார், ஆலை பென்டின் கையில். பென்ட் நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். உடனே தலையாட்டினார். "அவன் போத்தல் கழுவட்டும். தாங்கிகளை நான் பார்க்கிறேன். ஆனால் பியரிலிருந்து விரதமா? உங்கள் கடவுளுக்குப் பெரிய கம்பெனிக்காரன் சம்பளம் கொடுக்கிறானா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் அண்ணையும் சிரித்தார். அந்த ஆறு நாளும் பத்து மணிக்கு அவர் முன்னால் கிளாஸ் வைக்கப்பட்டது. அவர் தொடவில்லை.

சில கிழமைகள் கழித்து நத்தார் பியர்த் தாங்கியைத் திறந்தார்கள். இங்கர் திரும்பி வந்திருந்தார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஊரில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் தேத்தண்ணி எப்படி இருக்கும்? அதே மணம். கழுவுமருந்தை ஒழுங்காக அலசாத தாங்கிக்குள் பியரை விட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "மருந்து." "ஆஸ்பத்திரி." "நீச்சல் குளம்." இங்கர் கடைசியாக வாயில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார். விழுங்கிவிட்டு, "தாங்கி யாருடைய வேலை?" என்று மட்டும் கேட்டார்.

"சிவாவினுடையது" என்றார் பென்ட்.

அதோடு நிற்கவில்லை. லொறி ஓட்டுகிறவர் தொடர்ந்தார். "அவன் ஒரு கிழமை முழுக்கக் கிளாஸைத் தொடாமல் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? அவனுக்குத் தெரிந்திருக்கிறது."

கதை எப்படி இருக்கிறது? அந்தக் கிழமை மேசைக்கு வந்தது வேறு தாங்கியின் பியர். நத்தார் பியரோ அந்தக் கிழமை முதல் நாள்தான் கழுவிய தாங்கிக்குள் விடப்பட்டு, மூடியபடி புளித்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதனின் விரதத்தைத் தூக்கி அவனுக்கு எதிரான சாட்சியாக வைத்தார்கள், அங்கிருந்த ஒருவரும் 'இது என்ன முட்டாள்தனம்' என்று கேட்கவில்லை. வேலை மாற்றியது அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் சிரித்தவர்கள்தான். பியரைப் பற்றி வாய்திறக்கிற மேசை மனிதனைப் பற்றி வாய்திறக்கவில்லை!

நான் எழும்பினேன். இங்கர் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்றைக்கு வேண்டாம். எல்லோரும் கோபத்தில் இருக்கிறோம். நாளைக்குப் பத்து மணிக்கு. செய்தவன் தன் வாயால் சொல்லட்டும். சொன்னால் அதோடு முடிந்தது, நான் திரும்பக் கேட்கமாட்டேன். சொல்லாதவனை என் நிலவறையில் வைத்திருக்கமாட்டேன்." சொல்லும்போது அவர் அண்ணையைத்தான் பார்த்தார்.

அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இரு. கதைக்காதை."

வேலை முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றோம்.

"நாளைக்கு என்ரை பிழை எண்டு சொல்லிப்போடு" என்றார்.

"என்ன அண்ணை விசர்க்கதை? நீங்கள் அந்தப் பக்கமே போகேல்லை."

"போகேல்லைத்தான். அதுக்கென்ன? சொன்னால் முடிஞ்சுது எண்டு மேடம் சொன்னவவெல்லே."

"பென்ட் செய்ததுக்கு நீங்கள் ஏன் தலைகுனிய வேணும்?"

"தலை குனிஞ்சால் கழண்டு விழுந்திடுமே? வேலையாலை நிப்பாட்டினால் அங்கை பைலிலை என்ன எழுதுவாங்கள்? களவாளி எண்டோ, குழப்படிகாரன் எண்டோ? அவளும் பிள்ளையும் அந்த அறைக்கை கிடக்குதுகள், தம்பி."

"எங்கடை தமிழ்ச் சங்கத்திலை கேட்டுப் பாப்பம்."

"மத்தியானமே போன் பண்ணிக் கேட்டுட்டன். தலைவரும் இதைத்தான் சொன்னவர். நாங்கள் வந்த இடம், அவங்கள் வீட்டுக்காரர், பணிஞ்சு போங்கோ எண்டு."

அந்தப் பெரிய மனிதர் மேலும் எனக்குக் கோபம் குறைவில்லை. ஊரில் எவருக்கும் பணியாத பரம்பரை என்று மேடையில் முழங்குகிறவர் அவர்தான். போனில் மட்டும் இந்தப் புத்தி.

"நான் சொல்லமாட்டன் அண்ணை."

"நீ சொல்லத் தேவையில்லை. நான் சொல்லுவன். நீ டெனிஷிலை மாத்திவிடு. உன்ரை வேலை அதுதானே?"

மறுநாள் பத்து மணி. அதே பியர் மறுபடியும் எல்லோர் முன்னாலும். அண்ணை வேலைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். "சிவா, நீ ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று இங்கர் கேட்டார். கேட்டது அவரிடம், எல்லோரும் திரும்பிப் பார்த்தது என்னை.

அண்ணை எழுந்து நின்றார். "சொல்லு தம்பி. தாங்கி கழுவினது நான். வடிவா அலசேல்லை. பிழை என்ரை. மன்னிக்கச் சொல்லிக் கேள்."

டெனிஷில் அது மிகச் சின்ன வசனம். என் வாயில் தயாராக இருந்தது. நான் பென்டைப் பார்த்தேன். அவர் கிளாஸை மேசையில் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒருதரம் நிமிர்ந்து அண்ணையின் முகத்தைப் பார்த்திருந்தாரென்றால், ஒருவேளை நான் சொல்லியிருப்பேன். அவர் நிமிரவில்லை.

"அவர் தன் பிழை என்று சொல்லச் சொல்கிறார்" என்றேன் இங்கரிடம். "நான் சொல்லமாட்டேன். அது பொய். அந்தக் கிழமை அவர் நிலவறைக்குள் கால் வைக்கவில்லை. வேலையை மாற்றச் சொல்லிக் கேட்டது நான், இந்த மேசையில் வைத்து. இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையை வாசலில் கழற்றச் சொன்னது நீதான். கழற்றிவிட்டேன்."

நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்பது அண்ணைக்கு விளங்கிவிட்டது. எல்லோர் முன்னாலும் என்மேல் பாய்ந்தார்.

"அடேய், என்னடா சொன்னனீ? உனக்கு மனிசி பிள்ளை இல்லை. உனக்கு நீதி நியாயம் கதைக்க வசதிதான். என்ரை பிள்ளையை வைச்சோடா நீ வீரம் காட்டுறாய்?"

அது எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. நான் நினைத்தது பிழைத்திருந்தால் அந்தத் தாயும் மகளும் அல்லவா அதன் பலனைச் சுமந்திருப்பார்கள்?

இங்கர் பென்டின் பக்கம் திரும்பினார். "தாங்கியைக் கழுவியது யார்?"

மேசையில் எல்லோரும் ஏதாவது சொல்லியாகவேண்டும், அதுதான் சட்டம். பென்ட் கிளாஸைத் தூக்கி அந்த நாறல் பியரை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார். "நானாக இருக்கலாம்."

இருக்கலாம்! கவனியுங்கள். சிவராசா அண்ணை எழுந்து நிற்கவேண்டும், பிழை என்னுடையது என்று முழுதாகச் சொல்லவேண்டும், மன்னிப்பும் கேட்கவேண்டும். பென்டுக்கு இருந்த இடத்திலிருந்து ஒரு 'இருக்கலாம்' போதும். இங்கர், "நோ" என்றார். ஆங்கிலத்து நோ இல்லை. 'சரி, அப்படியா, போகட்டும்' எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கட்டின டெனிஷ்காரரின் சொல் அது. சொல்லிவிட்டுத் தானே நிலவறைக்கு இறங்கிப்போய் வால்வைத் திறந்தார். ஆலையைத் தாங்கவேண்டிய நத்தார் பியர் முழுக்கக் கழிவுநீர்க் கானுக்குள் ஓடியது. அதை மலிவாகத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். "நாங்கள் சின்ன ஆலை. ஒரு கெட்ட போத்தல் வெளியே போனால் எங்களை மன்னிக்க ஆள் இல்லை" என்றார் இங்கர். நான் பியர் காய்ச்சப் படிக்கப் போவது வால்வைத் திறந்த அந்தக் கைக்காகத்தான். அதையும் மறைக்கமாட்டேன்.

ஆனால் படியேறி வந்தவரை நான் மறித்தேன். "சிவாவிடம் ஒன்றும் சொல்லவில்லையே?"

"அவனுக்கு வேலை இருக்கிறது. வேறு என்ன?"

"மன்னிப்பு."

என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். "நீ மொழிபெயர்ப்புக்கு உதவமாட்டாய். மேசைக்கு உதவுவாய்." அவ்வளவுதான். மன்னிப்பு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அண்ணையிடம் என் வழியாக ஒரு சொல்லும் பேசியதில்லை. நேராகப் போய் முன்னால் நின்று, மெதுவாக, அண்ணை பதில் சொல்லும்வரை நகராமல் நின்று பேசினார். அண்ணையும் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் இரண்டு சீற் தள்ளி இருப்பார்.

அந்த நத்தாருக்குப் பழைய கறுப்புப் பியரையே அவசரமாகக் காய்ச்சி விற்றோம். மேற்சட்டைக்காரர் வந்தார், கோப்பி குடித்தார், போனார். ஆலை தப்பியது, மயிரிழையில்.

இப்போது நீங்களும் பேப்பர் படிக்கிறீர்கள். ஒரு நீதிபதியை வைத்து விசாரிக்கிறார்கள். எங்கள் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சு வேண்டுமென்றே தூக்கி ஓரமாக வைத்துவிட்டதாம். சட்டம் இருக்கும்போதே, உரிமை இருக்கும்போதே. இதை நான் இரண்டுதரம் வாசித்தேன். அண்ணை செய்யாத பிழையைத் தலையில் சுமக்கத் தயாரானது எதற்காக? தன் பைலில் ஒரு கறுப்புப் புள்ளி விழக்கூடாது என்று. அந்தப் பைலை எவரும் திறக்கவேயில்லை! அவர் நல்லவரா, கெட்டவரா, தாங்கியை அலசினாரா, இல்லையா, எவருக்கு என்ன அக்கறை? பணிந்திருந்தாலும் அது அங்கேதான் கிடந்திருக்கும், பணியாமல் விட்டதாலும் அது அசையவில்லை. அமைச்சு அதன்மேல் வைத்த கையை எடுத்த பிறகுதான் அசைந்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பணிவினால் வரவில்லை. அதனால் சொல்கிறேன்: பிழை உங்களுடையது என்றால் யாரும் கேட்கமுன் சொல்லிவிடுங்கள். உங்களுடையது இல்லையென்றால், யாருக்காகவும், எதற்காகவும் அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவன் வாங்கப்போனாலும் கையைப் பிடியுங்கள். அவன் ஒரு வருடம் பேசமாட்டான். பரவாயில்லை.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. குடும்பம் வந்த கிழமை, பத்து மணி மேசை. பென்ட் காய்ச்சிய புதுப் பியர். ஒவ்வொருவராகச் சொன்னோம், நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அண்ணையின் முறை வந்தது. வழக்கமாகத் தலையை ஆட்டுவார். அன்றைக்கு வாயில் வைத்தார், பேணியில் துப்பினார், பென்டின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இது சரியில்லை" என்றார். டெனிஷில். சத்தமாக.

பென்ட் தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, தாங்கியைப் பார்க்க நிலவறைக்கு இறங்கிப்போனார். இங்கர் சிரிப்பை அடக்குகிறவர்போல யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பஸ்ஸில் அண்ணை எனக்குப் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்தார். எனக்கோ பொறுக்கமுடியவில்லை. நானும் அதே பியரைத்தான் குடித்தேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"அண்ணை, அதிலை என்ன பிழை இருந்தது?"

"ஒரு பிழையும் இல்லை. நல்ல பியர்."

"பிறகேன்?"

"அவரும் ஒருக்காப் போய்ப் பாக்கட்டும் எண்டுதான்."